வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா: வீட்டுக்காரர் எந்தக் காசில் கணக்குப் பார்க்கிறார்?

கொழும்பின் தெற்கே கடலோரமாக உள்ள வெள்ளவத்தையில் ஐந்தரை வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு 2024 ஓகஸ்ட் மாதம், வடக்கே துறைமுகப் பக்கத்தில் உள்ள கொட்டாஞ்சேனைக்கு வந்தோம். "நல்ல இடத்தில இருந்திட்டு ஏன் அங்க போனீங்கள்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அதே யோசனையோடு நிற்கிற குடும்பங்கள் பல இருப்பதால், வீடு தேடிய ஐந்து மாதத்தில் பார்த்ததையும் வந்த பிறகு விளங்கியதையும் எழுதுகிறேன். என் சாய்வு கொட்டாஞ்சேனைப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, ஹெவ்லொக் டவுன் பக்கத்து உயர்ந்த தொடர்மாடிகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அங்கே பல வீட்டுக்கு வாடகையை டொலரிலேயே சொல்கிறார்கள். ரூபாவில் சம்பளம் எடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற குடும்பத்துக்குக் கொழும்பில் மிஞ்சுவது வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, கொஞ்சம் தள்ளினால் வத்தளை.

வெள்ளவத்தையின் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. காலி வீதியில் இறங்கினால் 100, 101 பஸ், ஐந்து நிமிடம் நடந்தால் ரயில். யாழ்ப்பாணம் போகிற இரவு பஸ்ஸுக்கு வாசலிலேயே ஏறலாம். தமிழ்ச் சங்க நூலகம் பக்கத்தில். ஒடியல் மாவோ, ஊர் மிளகாய்த்தூளோ வேண்டுமென்றால் ஒழுங்கை முனையிலேயே கிடைக்கும். யாரிடமும் சிங்களத்தில் பேசாமலே ஒரு கிழமையை ஓட்டிவிடலாம். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு என்பது நியாயம்தான். அந்த விலை எப்படி ஏறியது என்பதில்தான் எனக்கு நியாயம் தெரியவில்லை.

எங்கள் வெள்ளவத்தை வீடு, காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தது. மூன்று அறை. 2019 பெப்ரவரியில் போனபோது மாதம் 55,000 ரூபா. 2021 இல் 60,000 ஆனது. அதுவரை ஒரு குறையும் இல்லை. 2022 மார்ச் மாதம் ரூபாவை மிதக்கவிட்டார்கள், அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று. 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. ஜூலையில், வீட்டைப் பார்த்துக்கொள்கிற வீட்டுக்காரரின் மைத்துனர் தொலைபேசி எடுத்தார். "தம்பி, அண்ணா அங்கயிருந்து சொல்றார், இனி எண்பத்தையாயிரம் வேணுமாம்." அடுத்த வருடம் ஒரு இலட்சம். 2024 இல் 120,000.

இந்தக் கணக்கை ஒருநாள் இருந்து போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் இருப்பது கனடாவில், ஆனால் விளங்குவதற்காக அமெரிக்க டொலரிலேயே போடுகிறேன். அவர் 60,000 ரூபாவை 60,000 ரூபாவாகப் பார்க்கவில்லை. 200 ரூபா டொலருக்கு அது 300 டொலர். டொலர் 360 ஆனவுடன் அதே வாடகை அவருக்கு 167 டொலராகச் சுருங்கிவிட்டது. பழைய 300ஐத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் 108,000 ரூபா வேண்டும். அதைத்தான் படிப்படியாக எடுத்தார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் வாடகையைக் கூட்டவே இல்லை. ஆனால் 2024 இல் ரூபா கொஞ்சம் தேறி டொலர் 300 அளவுக்கு இறங்கியபோது அந்த 300 டொலர் 90,000 ரூபாவாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. 120,000 என்றால் 400 டொலர். ஏறும்போது டொலரோடு ஏறிய வாடகை, டொலர் இறங்கும்போது கூட இறங்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் என் சம்பளம் எவ்வளவு ஏறியது என்பது அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

இதில் இன்னொரு பக்கம் உண்டு. ஜூலை, ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் வழியில் கொழும்பில் பத்து நாள் தங்க அவர்களுக்கு வீடு வேண்டும், அதுவும் வெள்ளவத்தையில்தான் வேண்டும். தளபாடம் போட்ட மூன்று அறை வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று ஒரு தரகர் என் முன்னாலேயே கணக்குச் சொன்னார். அந்தத் தொகை காதில் விழுந்த வீட்டுக்காரருக்கு, வருடம் முழுக்க இருக்கிற குடும்பத்தின் மாத வாடகை சின்னதாகத்தான் தெரியும். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில், "ஜூனுக்குள்ள விட்டுத் தரவேணும், எங்கட ஆக்கள் வருவினம்" என்று முதல் நாளே சொன்னார்கள்.

வீடு வெறுமையாகக் கிடப்பதும் அவர்களை வருத்தாது. நாங்கள் விட்டு வந்த வீடு அதற்குப் பிறகு ஐந்து மாதம் பூட்டியே கிடந்தது. 140,000 கேட்டிருக்கிறார்கள், யாரும் வரவில்லை, ஆனாலும் குறைக்கவில்லை. வாடகையில் சீவிக்காத ஒருவருக்குக் காத்திருக்க முடியும். நாங்கள்தான் மாதா மாதம் எங்காவது படுத்து எழும்ப வேண்டியவர்கள்.

இப்போது கொட்டாஞ்சேனை.

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், இரண்டாம் மாடி, மூன்று அறை, லிஃப்ட் இல்லை. வாடகை 68,000. வீட்டுக்கார ஐயாவுக்குப் பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடை. குடும்பம் கீழ்த்தட்டில் இருக்கிறது. அவருக்கு வரவும் ரூபா, செலவும் ரூபா. டொலர் எகிறினால் அவர் கடையிலும் சரக்கு விலை ஏறும், வாங்க வருகிறவர்கள் குறைவார்கள். அதனால் எனக்கு எவ்வளவு முடியும் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். வாடகை பேசப் போன அன்று அவர் சொன்னது: "வருசா வருசம் ஏத்திக் கேட்டு உங்களோட மனஸ்தாபப்பட எனக்கு ஏலாது தம்பி. ரெண்டு வருசத்துக்கு ஒரே கணக்கு. மூன்றாம் வருசம் பத்து வீதம் கூட்டுவம்." அதை அப்படியே எழுதினோம்.

பக்கத்து வீடுகளில் பழைய குடித்தனக்காரர்களிடம் கேட்டேன். 2022 க்குப் பிறகு இங்கேயும் வாடகை ஏறியிருக்கிறது. 40,000 கொடுத்தவர் இன்றைக்கு 60,000 கொடுக்கிறார். ஆனால் அவர்களுக்கு ஏறியது அரிசி விலை, கரண்ட் பில் ஏறிய பிறகு, வீட்டுக்காரரோடு இருந்து பேசி. எங்களுக்கு ஏறியது ஒரு தொலைபேசி அழைப்பில். வெள்ளவத்தையிலும் கீழ்த்தட்டில் குடியிருக்கிற நல்ல வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நாங்கள் அங்கே பார்த்த ஒன்பது வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் எங்களுக்கு முன் வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள்.

உடன்படிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் இந்த நாட்டில் சட்டப்படி செல்லும். 1840 ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி அது. வெள்ளவத்தையில் எங்களிடம் இருந்தது, மைத்துனர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். வீட்டுக்காரருக்காகக் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவமும் அவரிடம் இல்லை. 2022 இல் "தாளில் 60,000 என்றுதானே இருக்கிறது" என்று நான் கேட்டபோது அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை என்று விளங்கியது. வீட்டுக்காரர் உள்ளூரில் இருந்தால் இருவரும் நேரே போய்க் கையெழுத்துப் போடலாம். கொட்டாஞ்சேனையில் அரை நாளில் முடிந்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் பதியவும் ஐயா மறுக்கவில்லை. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க இருப்பவர்களுக்கு வசிப்பிடத்தைக் காட்ட இது வேண்டும் என்பதால் முதல் நாளே கேட்க வேண்டும், பதியவிடாத வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்.

முற்பணமும் இதே மாதிரிதான். வெள்ளவத்தையில் ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்னால் கேட்டார்கள். 120,000 படி 14 இலட்சத்து 40 ஆயிரம். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தபோது இந்தப் பழக்கம் இறுகியது என்று நினைக்கிறேன். வட்டி இறங்கிய பிறகும் கேட்பது நிற்கவில்லை. இங்கே மூன்று மாத வாடகை கொடுத்தோம், வீட்டை விடும்போது திரும்பி வரும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால்: வாடகையில் மாதம் 52,000 மிச்சம். வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணம் 6,000 இல்லை. மகளின் பள்ளிக்கூடம் பம்பலப்பிட்டியில், ஸ்கூல் வானுக்கு 8,000 கொடுத்தது இப்போது 15,000. நான் புறக்கோட்டையில் வேலை செய்வதால் நடந்தே போய்விடுகிறேன். பஸ் காசை விட்டுவிட்டாலும் மாதம் 51,000 கையில் நிற்கிறது. வேலை இடம் கொள்ளுப்பிட்டியிலோ அதற்குத் தெற்கேயோ என்றால் இந்தக் கணக்கு அப்படியே வராது. கொட்டாஞ்சேனைக்கு ரயிலும் இல்லை.

இங்குள்ள குறைகளை மறைக்கக் கூடாது. துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளில் கொட்டாஞ்சேனையின் பெயர் அடிக்கடி வருகிறது. எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் இரவு ஒன்பதுக்குப் பிறகு மனைவி தனியாக வெளியே போவதில்லை. துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறிகளால் பகலில் வீதி அடைபடும். மகள் காலை ஆறு பத்துக்கே வானில் ஏற வேண்டியிருக்கிறது, முன்பு ஆறு ஐம்பது. அந்த நாற்பது நிமிடத் தூக்கம் அவளுக்குப் போனது எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிற விடயம். வாகனம் இருந்தால் நிறுத்த இடம் தேடுவது பெரிய பாடு. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு தெருவில் இருந்த இடமும் குறைந்துவிட்டது.

கடல் பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: உப்புக் காற்று சும்மா விடாது. எங்கள் ஏசியின் வெளிப்பெட்டி மூன்று வருடத்தில் துருவேறி ஓட்டையாகிவிட்டது. ஜன்னல் கம்பி, குழாய், கேஸ் அடுப்பு எல்லாவற்றிலும் துரு. யார் திருத்துவது என்று எழுதாமல் போனால் குடியிருப்பவர் தலையில்தான் விழும். காலி வீதியின் மேற்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் இதில் நல்ல வித்தியாசம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் கவனிக்க வேண்டியது கரண்ட் மீட்டர். பழைய பெரிய வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள், மீட்டர் ஒன்றுதான் இருக்கும். பாவனை கூடக் கூட அலகின் விலையும் கூடுகிற முறையில் இரண்டு குடும்பத்தின் பாவனை ஒரே மீட்டரில் சேர்ந்தால் 180 அலகைத் தாண்டி உச்ச விலைக்குப் போய்விடும். 55,000க்கு ஒரு வீடு பார்த்து, மனதுக்குப் பிடித்தும், இதற்காகவே விட்டோம். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய ஏற்றத்தை அனுபவித்த பிறகு தனி மீட்டர் இல்லாத வீட்டுக்குப் போக எனக்குத் துணிவில்லை.

தெஹிவளையில் நான் இருந்ததில்லை, இரண்டு வீடு பார்த்ததோடு சரி. வெள்ளவத்தையிலிருந்து கால்வாயைத் தாண்டியவுடன் வாடகை ஒரு படி இறங்குகிறது. அதே அளவு வீட்டுக்கு 90,000, 95,000 கேட்டார்கள். இரண்டு வீட்டுக்காரரும் வெளிநாட்டில் இருந்ததால் நான் மேலே போகவில்லை. வெள்ளவத்தையில் கிடைக்காதவர்கள் அங்கே நகர நகர, அங்கும் இதே ஏற்றம் வரும் என்பது என் ஊகம். வத்தளையில் நண்பர் ஒருவர் 55,000க்கு நல்ல விசாலமான வீட்டில் இருக்கிறார். களனி ஆற்றைத் தாண்டிக் காலையில் கொழும்புக்குள் வருகிற நேரத்தைக் கேட்டபோது மனைவி வேண்டாம் என்றுவிட்டாள்.

என் மாமியார் எங்களோடு வரவில்லை. வெள்ளவத்தையிலேயே இரண்டு அறை வீட்டில் தங்கையோடு இருக்கிறார். காலையில் கோயில், பக்கத்தில் டொக்டர், பின்னேரம் பேச ஊர் ஆட்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி அவருக்குச் சரிவராது. அவர்களின் வாடகையை லண்டனில் இருக்கிற மகன் கட்டுகிறார். அவரும் பவுணில்தான் உழைக்கிறார், வீட்டுக்காரரும் பவுணில்தான் எண்ணுகிறார், அங்கே மனவருத்தம் வரவில்லை. மாமியாரைக் கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிட எனக்கும் மனமில்லை.

எங்கள் உடன்படிக்கையில் ஒரே கணக்கு என்று எழுதிய இரண்டு வருடம் 2026 ஓகஸ்டில் முடிகிறது. எழுதியபடி பத்து வீதம் கூட்டினால் 74,800. போன மாதம் மாடிப்படியில் கண்ட வீட்டுக்கார அன்ரி, "எழுபத்தஞ்சா வச்சிடுவம், சில்லறை பார்க்க ஏலாது" என்றா. சரி என்றேன்.