பழைய லேப்டாப்புக்கு ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

விண்டோஸ் திறக்கவே இரண்டு நிமிடம் ஆகிறதா? பெரும்பாலும் குற்றவாளி பிராசசர் இல்லை, ஹார்ட் டிஸ்க்தான். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டில் ஒரு கோப்பைத் தேடிப் பிடிக்க 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டி என்பது சிப்பில் தரவைச் சேமிக்கும் டிரைவ்; அதில் சுழல ஒன்றுமில்லை, 0.1 மில்லி விநாடிதான்.

ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் 2.5 அங்குல எஸ்எஸ்டி என்றால் மாட்டுவது எளிது, இரண்டும் ஒரே அளவு. எம்.2 எனும் சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்: லேப்டாப்பில் அதைச் செருகும் ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்குமானால், என்விஎம்இ எனும் வேகமான வகை வேலை செய்யாது. மேனுவலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஹார்ட் டிஸ்க் பல நேரம் டிக் டிக்கென்று எச்சரித்துவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி சத்தமே இல்லாமல் போய்விடும். அழித்த கோப்பும், அது இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லும் டிரிம் வசதியால், திரும்பக் கிடைப்பது அரிது. அதனால் கழற்றிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வையுங்கள்.