நுரையீரல் கட்டி: மார்பைத் திறப்பதா, காமிராவா, ரோபோவா?

அம்மாவின் வலது நுரையீரல் மேல்மடலில் இருந்த கட்டியை அகற்ற மூன்று வழிகள் சொன்னார்கள். நாங்கள் காமிரா வழி அறுவையைத் தேர்ந்தெடுத்தோம். மருத்துவர்கள் இதை 'வாட்ஸ்' என்பார்கள். இன்று யார் கேட்டாலும், கட்டி இடம் கொடுத்தால், அதையே சொல்வேன்.

தழும்பு சிறியது, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதெல்லாம் தெரிந்ததுதான். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இருமல். அறுவைக்குப் பிறகு சளியை இருமி வெளியேற்றியே ஆகவேண்டும். தேங்கினால் நிமோனியா வரலாம். மார்பைத் திறக்கும்போது இரும்புக் கருவியால் விலா எலும்புகளை விரிக்கிறார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பையும் ஒட்டி ஓடும் நரம்பு அதில் நசுங்குகிறது. இருமினால் உயிர் போகும் வலி. அதனால் நோயாளி இருமலையே அடக்கிக்கொள்கிறார். காமிரா வழியில் விலாவை விரிப்பதில்லை. சில துளைகள்; அவற்றில் சற்றே பெரிய ஒன்றின் வழியாக, கட்டியோடு சேர்த்து வெட்டிய நுரையீரல் மடலைப் பைக்குள் போட்டு எடுக்கிறார்கள்.

வலியே இல்லை என்று சொல்லமாட்டேன். துளைகளைவிட, மார்பில் செருகிய வடிகுழாய்தான் அம்மாவை வாட்டியது. ஆனாலும் மறுநாளே தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாக இருமினார்.

துளை வழியே செய்தால் புற்றுநோய் மிச்சம் இருந்துவிடுமோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. பிரிட்டனில் 503 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான 'வயலட்' ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது: கட்டியை முழுமையாக அகற்றுவதில் திறந்த அறுவைக்கும் காமிரா வழிக்கும் வேறுபாடு தெரியவில்லை, ஐந்தாவது வாரத்தில் காமிரா வழி அறுவை செய்துகொண்டவர்களின் உடல் இயக்கம் மேலாக இருந்தது.

ரோபோவும் துளை வழிதான். முப்பரிமாணக் காட்சி, மணிக்கட்டுபோல் வளையும் கருவிகள். புற்றுநோய் பரவக்கூடிய சிறு முடிச்சுகளான நிணநீர் முடிச்சுகளை எடுக்க வசதி என்கிறார்கள். செலவு கூடுதல். ரோபோ அறுவை செய்துகொண்ட யாரையும் அருகிலிருந்து பார்த்ததில்லை என்பதால், அம்மாவுக்குக் கிடைத்ததைவிட அது மேலா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல இயலாது.

திறந்த அறுவையை ஒதுக்கிவிடவும் முடியாது. கட்டி பெரியதாகவோ, முக்கிய ரத்தக் குழாயை ஒட்டியோ, மார்புச் சுவரில் ஊடுருவியோ இருந்தால் அதுவே பாதுகாப்பு. பழைய காசநோயால் நுரையீரல் ஒட்டிக்கிடந்தால், காமிராவில் தொடங்கியதைப் பாதியில் திறக்க நேரலாம். ஒப்புதல் படிவத்திலேயே அது இருக்கும். கையெழுத்திடும் முன் அறுவை மருத்துவரிடம், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை முறை பாதியில் திறக்க நேர்ந்தது என்று தயங்காமல் கேளுங்கள்.