அரை மணிக்கு ஒரு வார்த்தை

ஊருக்கு மேலே விமானம் முக்கால் மணி நேரம் வட்டமடித்தது. எங்களுக்கு நல்ல வெயில். கீழே கடல் எது, கரை எது என்று பிரிக்க முடியாத மூடுபனியின் வெண்மை. கடைசியில் வேறு விமான நிலையத்துக்குத் திருப்பினார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. கருவிகளின் வழிகாட்டலில் தரையிறங்கும் ஏற்பாட்டில் முதல் வகை, அதாவது அடிப்படை நிலை, மட்டும் உள்ள ஓடுபாதையில் குறைந்தது 550 மீட்டராவது பார்வை எட்ட வேண்டும். அன்று 200கூட எட்டவில்லை என்று விமானியே விளக்கிச் சொன்னார்.

இறங்கிய பிறகுதான் வேதனை தொடங்கியது. நான்கு மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பலகையில் ‘தாமதம்’ என்ற ஒற்றைச் சொல். கைக்குழந்தையோடு ஒரு பெண் மூன்று முறை கவுன்டருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். மாற்று பஸ் உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லியிருந்தால் அவர் ஒரு மூலையில் குழந்தையைத் தூங்க வைத்திருப்பார்.

இரவில் பஸ் வந்தது. ஓட்டுநர் விளக்கைத் தாழ்த்தியே வைத்திருந்தார். உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி, எதிரே வெள்ளைச் சுவர் எழுந்துவிடும். சாலையோரக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நிதானமாகக் கொண்டுசேர்த்தார். அவருக்கு நன்றி.

மறுநாள் காலை படகுத்துறையிலும் அதே பனி. விடிந்தால் கலைந்துவிடும் என்று நம்பியிருந்தேன். வயல்வெளிப் பனிதான் அப்படிக் கலையும். ஈரமான வெப்பக்காற்று குளிர்ந்த நீரின்மேல் நகர்ந்து உண்டாகும் கடல் மூடுபனி, காற்று திசை மாறும்வரை நாள்கணக்கில்கூடக் கிடக்கும்.

அங்கேயும் காத்திருந்தோம், மூன்று மணி நேரம். ஆனால் துறை ஊழியர் அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்தார். “எதிர்க்கரை விளக்கு இன்னும் தெரியவில்லை. பத்து மணிக்குப் பார்த்துவிட்டு மறுபடி சொல்கிறேன்.” பத்து மணிக்குச் சொன்னார். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் வந்து அதையே சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் குரல் உயர்த்தவில்லை.

வெண்மைக்குள்ளிருந்து வந்த ஒலிகளுக்கும் பொருள் சொல்லித் தந்தார். நீண்ட ஊதல் ஒன்று கேட்டால் கப்பல் நகர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு என்றால் நகராமல் நிற்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து விநாடி மணி அடித்தால் நங்கூரம் போட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளில் உள்ளதாம். நகரும் கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் மறுபடி ஊதியாக வேண்டும். கண் தெரியாத இடத்தில் ‘இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது அங்கே கட்டாயம்.

படகு புறப்பட்டபோது முன்முனையில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். மறுகரையில் அக்கா டார்ச்சோடு நின்றிருந்தார். முதலில் வெளிச்சம்தான் தெரிந்தது, முகம் பிறகு.

விமான நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இழப்பீடு கேட்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் வந்து பேச வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.