எட்டு மீட்டர் ஆழத்துக்குக் காற்றுப்பை தேவையா?

திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் ஸ்கூபா டைவ் செய்யும்போது நான் எட்டு மீட்டருக்குக் கீழே போவது அபூர்வம். புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளுக்கு அதுவே போதும். இதற்குப் போய் இவ்வளவு பெரிய ஜாக்கெட் பிசிடி (மிதப்பைக் கூட்டிக் குறைக்க ஊதும் காற்றுப்பை உள்ள மேல்சட்டை) எதற்கு என்று தோன்றியது. பை இல்லாத வெறும் ஹார்னஸ், முதுகில் கட்டும் உலோகத் தகடான பேக்பிளேட்டில் மாட்டிய விங் என்ற சிறிய காற்றுப்பை, இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் வாங்கியது விங். ஆகவே கீழே கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்.

ஜாக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கும் வாடகைக்குக் கிடைக்கும், மேல்மட்டத்தில் தலையை நன்றாகத் தூக்கிப் பிடிக்கும். பருமன், தண்ணீரில் இழுவை, அவ்வளவுதான் குறை.

வெறும் ஹார்னஸ்தான் ஆசை காட்டியது. பட்டிகளும் சிலிண்டரும் மட்டும், ஊதவோ வடிக்கவோ எதுவும் இல்லை. 1943-ல் குஸ்தோவும் காக்னானும் அக்வாலங் என்ற முதுகுச் சிலிண்டர் மூச்சுக் கருவியை உருவாக்கியபோது பிசிடி ஏது என்பார்கள். சரிதான். ஆனால் 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றின் எடையே இரண்டரைக் கிலோவுக்கு மேல். டைவ் முடிவில், 50 பாரில், மிதக்காமலும் தாழாமலும் நிற்கும்படி எடைக்கான ஈயத்தை இடுப்பில் கட்டினால், தொடக்கத்தில் சுமார் இரண்டு கிலோ கூடுதலாக இருக்கும். அதை நுரையீரலால் சமாளிக்க வேண்டும். நெஞ்சை நிறைத்தபடியே மூச்சு விடுவோம், நம்மை அறியாமல் அடக்கியும் வைப்போம். ஆழம் குறைந்த இடத்தில் இது இன்னும் ஆபத்து. மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழியலாம்.

என்னை மாற்றியது அதுவும் அல்ல, மேல்மட்டம். ஒருநாள் மதியம் படகிலிருந்து தள்ளி மேலே வந்தேன். கச்சான் என்ற மேல்காற்று எழும்பி என்னைக் கரையிலிருந்து வெளியே தள்ளியது. பை இல்லை, வாயைத் தண்ணீருக்கு மேலே வைக்க காலில் மாட்டிய ஃபின்னை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைக் கடித்தபடி மிச்சமிருந்த காற்றைத் தின்றேன். தொடை பிடித்துக்கொண்டது. படகுக்காரர் கத்தினார்: “தம்பி, ஈயத்தக் கழட்டி விடுங்கோ!” அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மன்னாரில் முத்துக் குளித்தவர்களும் கல்லைப் பிடித்துத்தான் இறங்கினார்கள். ஆனால் அவர்களை மேலே இழுக்கப் படகில் கயிறோடு ஓர் ஆள் இருந்தான்.

விங்கில் இந்தக் கவலை குறைவு. என்னுடையது சுமார் ஒன்பது கிலோ தூக்கும். மெல்லிய வெட்சூட்டுக்கும் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) ஒற்றை அலுமினியச் சிலிண்டருக்கும் அது போதும். பை முதுகில் ஒட்டிக் கிடப்பதால் நீருக்குள் இருப்பதே தெரியாது. கீழே அதில் விடும் காற்றும் ஒரு மூச்சளவுதான். ஒரு குறை உண்டு: மேல்மட்டத்தில் நிறைய ஊதினால் முகம் குப்புறத் தள்ளும். கொஞ்சமாக ஊதிச் சற்றே பின்னால் சாய வேண்டும். இரண்டு மூன்று டைவில் பழகிவிடும்.

பிளேட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரப்பட வேண்டாம். எஃகுப் பிளேட் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். வெதுவெதுப்பான கடலில் அதுவே ஈயத்தின் வேலையைச் செய்துவிடும், ஆனால் ஆபத்தில் கழற்றி எறிய முடியாது. அதனால் அலுமினியப் பிளேட் வாங்கி, இரண்டு கிலோவை இடுப்புப் பட்டியில் வைத்திருக்கிறேன். குளிர்நீரிலோ தடித்த வெட்சூட்டிலோ நான் மூழ்கியதில்லை. அங்கே வெட்சூட் அமுங்கி இழக்கும் மிதப்பே சில கிலோ இருக்கும், ஆகவே என் ஒன்பது கிலோக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் 50 பார் சிலிண்டரோடு, பையைக் காலியாக்கி, சாதாரண மூச்சில் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்கும்படி மிதக்கிறேனா என்று பார்க்கிறேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, ஈயப் பட்டியின் கொக்கியை ஒரு கையால் கழற்றிப் பார்க்கிறேன்.