கையால் சுற்றும் குழிவுச் சோதனைப் பொறி: கல்லடிப் பட்டறையில் நீண்டகாலப் பாவனை அனுபவம்

அரிசி மில்களுக்கு எலிவேட்டர் வாளி, டிராக்டருக்கு மட்கார்ட், மீனவர் வாடிகளுக்கு மீன்பெட்டி. மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள எங்கள் பட்டறையின் அன்றாட வேலை இவைதான். எல்லாம் 2 மில்லிமீற்றருக்கு உட்பட்ட மெல்லிய தகடு. பல பெரும்போகங்களுக்கு முன்னர், தகடு கிழியாமல் எவ்வளவு ஆழம் குழியும் என்று அளக்கும் எரிக்சன் வகைக் குழிவுச் சோதனைப் பொறி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அது வந்த பிறகு நாங்கள் தகடு வாங்கும் முறையே மாறிவிட்டது.

பொறி எளிமையானது. தகட்டுத் துண்டை அச்சுக்கும் பிடிவளையத்துக்கும் நடுவில் வைத்து இறுக்கிக் கைச்சக்கரத்தைச் சுற்றினால், 20 மி.மீ. விட்டமுள்ள உருண்டை முனை தகட்டை 27 மி.மீ. துளைக்குள் தள்ளும். தகடு கிழியும்போது எத்தனை மில்லிமீற்றர் ஆழம் போயிருக்கிறதோ, அதுதான் எரிக்சன் எண். இந்தச் சோதனைக்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 20482 10 கிலோநியூட்டன் பிடிவிசையும், நிமிடத்துக்கு 5 முதல் 20 மி.மீ. வேகமும், குறைந்தது 3 சோதனைகளின் சராசரியும் கேட்கிறது. முனையில் கிராபைட் கிரீஸ் பூச வேண்டும். பூசாவிட்டால் உராய்வு கூடி, நல்ல தகடும் சீக்கிரம் கிழிந்துவிடும்.

1 மி.மீ. தடிப்புள்ள நல்ல ஆழ்இழுவை உருக்குத் தகடு 10, 11 மி.மீ. வரை தாங்கும். ஆனால் நான் முதலில் பார்ப்பது கிழிசலைத்தான். குழி உச்சியை நெருங்கும்போது மினுக்கம் மங்கி, மயிரிழை போல ஒரு வரி ஓடும். அந்த இடத்தில் தகடு மெலிகிறது என்று அர்த்தம். அடுத்த அரைச் சுற்றில் சக்கரம் கையில் இலேசாகிவிடும். பின்பக்கக் கண்ணாடியில் ஒளிக்கீற்று தெரிந்த உடனேயே நிறுத்தி அளவை வாசிக்க வேண்டும். கிழிசல் குழியைச் சுற்றி வளைவாகப் போயிருந்தால் தகடு எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே குணம். நேர்கோடாகக் கிழிந்திருந்தால், ஆலையில் உருட்டிய திசையின் சாயல் தகட்டில் பலமாக இருக்கிறது. அப்படிப்பட்ட தகட்டில் மடிப்புக் கோட்டை உருட்டல் திசைக்குக் குறுக்காக வரும்படி வெட்டுகிறோம். அந்தத் திசைக்குச் சமாந்தரமாக மடித்தால் வெளிவளைவில் வெடிக்கும். குழியின் மேற்பரப்பு சொரசொரவென்று எழுந்தால் அது உள்ளே உலோக மணிகள் (நுண்படிகங்கள்) பருத்துப் போன தகடு. பெயின்ற் அடித்தாலும் அது மறையாது.

சம்மாந்துறை மில்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் வாளிக்கு ஓடர் கொடுக்க வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, “தம்பி, நல்ல தகட்ட ஏன் கிழிக்கிறீங்க?” என்று கேட்டார். ஒரே தடிப்பு, ஒரே மினுக்கம் உள்ள இரண்டு துண்டுகளை அவர் கையாலேயே சுற்றவிட்டேன். ஒன்று 7 மி.மீ. தாண்டியதும் நேர்கோடாகக் கிழிந்தது, மற்றது 10 வரை போனது. அதன் பிறகு அவர் விலையைப் பற்றி மட்டும் பேசுவதை விட்டுவிட்டார்.

இந்தப் பொறி சொல்லாத விடயமும் உண்டு. ஒலுவிலில் பொறியியல் படிக்கும் மருமகன் அதைத் தெளிவாக விளங்கப்படுத்தினான். குழிவுச் சோதனையில் தகடு பெரும்பாலும் நீட்டப்படுகிறது. இழுக்க இழுக்கத் தகடு எவ்வளவு இறுகுகிறது என்பதோடுதான் இந்த எண் ஒத்துப்போகும். சட்டி போல ஆழமாக இழுக்கும்போது நிலைமை வேறு. அங்கே தகடு உள்ளே வழுக்கி வரவேண்டும். தடிப்பில் மெலியாமல் அகலத்தில் சுருங்கும் குணம் வேண்டும். அதை அறிய இழுவைச் சோதனை இயந்திரம் தேவை. அதனால் மீன்பெட்டி மூலைக்கு இந்த எண்ணை மட்டும் நம்பித் தகடு எடுப்பதில்லை. சின்ன அச்சில் ஒரு கிண்ணம் இழுத்துப் பார்த்த பிறகே முழு ஓடருக்கும் வாங்குகிறோம்.

இனி ஒட்டுகள். தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாளி விட்டுப்போவது பெரும்பாலும் ஒட்டில்தான். இதற்குப் பெரிய பொறி வேண்டாம்: வைஸ், உளி, சுத்தியல், வேர்னியர் போதும். ஸ்பொட் வெல்டிங் (இரண்டு செப்பு முனைகளுக்கு நடுவில் கரண்ட் பாய்ச்சிப் புள்ளியாக ஒட்டுவது) செய்த இரண்டு பட்டிகளை வைஸில் பிடித்து உரிக்க வேண்டும். ஒரு தகட்டில் துளை விழுந்து, அந்தத் துண்டு பொத்தான் போல மற்றதில் முழுதாக ஒட்டியிருந்தால் நல்ல ஒட்டு. அதன் விட்டம் தகட்டுத் தடிப்பின் வர்க்கமூலத்தைப் போல 4 மடங்காவது இருக்க வேண்டும், 5 மடங்கு வந்தால் நிம்மதி. 1 மி.மீ. தகட்டில் அது 4, 5 மி.மீ. மெல்லிய தகட்டில் பொத்தான் வராமல் இரண்டும் நடுவில் வழித்துப் பிரிந்தால் கரண்ட் போதவில்லை, அல்லது முனை தேய்ந்துவிட்டது. கல்வனைஸ் தகட்டில் இது அடிக்கடி வரும். மேலே பூசிய நாகம் (துத்தநாகம்) 419 பாகை செல்சியஸிலேயே உருகி, செப்பு முனையோடு கலந்து அதைத் தட்டையாக்கிவிடும். வேலைக்கு நடுவில் முனையைச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வெல்டர் அண்ணன் காலையில் முதல் ஒட்டை உரித்துப் பார்க்காமல் வேலை தொடங்கமாட்டார்.

இழுத்துப் பார்க்க ஒரு சட்டத்தில் போத்தல் ஜக்கும் (எண்ணெய் அழுத்தத்தில் பாரம் தூக்கும் கருவி) அழுத்தமானியும் பொருத்தி வைத்திருக்கிறோம். ஜக்கின் பிஸ்ரன் 30 மி.மீ. விட்டம், எனவே 100 பார் காட்டினால் இழுவை ஏறக்குறைய 7 கிலோநியூட்டன். ஆய்வுகூடத் துல்லியம் இதில் கிடைக்காது, கிழமைக்குக் கிழமை ஒப்பிட இது போதும். பக்கவாட்டில் இழுத்தால் நன்றாகத் தாங்கும் அதே ஒட்டு, உரிக்கும்போது மிகக் குறைந்த விசையில் விட்டுவிடும். அதனால் வாளியின் பின்பக்கத்தில் சுமை உரிக்கும் திசையில் வராதபடி மடிப்பின் பக்கத்தையே மாற்றி அமைத்தோம்.

அலுமினியத்துக்கு வேறு கணக்கு. 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் தகட்டின் இழுவைப் பலம் 310 மெகாபாஸ்கல் அளவில் இருந்தாலும், வெல்டிங் சூடுபட்ட ஓரத்தில் 165 என்றே கணக்கிட வேண்டும். கூர்மையாக மடித்தாலும் வெடிக்கும். மீன்பெட்டிக்கு 5052 என்ற கலவைதான் என் தெரிவு: வளையும், உப்பையும் தாங்கும். கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம் என்று இருக்கும் ஊரில் புது ஒட்டைச் சோதித்து மட்டும் பயனில்லை. மாரி முழுக்கச் சில பட்டிகளைக் கூரையில் தொங்கவிட்டு அப்புறம் இழுக்கிறோம். உருக்குத் தண்டுள்ள ரிவெட் போட்ட அலுமினியப் பட்டிகளில் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டி, தகடு அரிபட்டிருக்கும்.

குறைகளும் சொல்ல வேண்டும். எனக்கு விற்றவர் அச்சின் விளிம்பு தேய்ந்திருந்ததைச் சொல்லவில்லை. கடைச்சல்காரரிடம் புதிதாகச் செய்வித்து, உருக்கைக் கடினப்படுத்திய பிறகே அளவுகள் நிலைத்தன. கைச்சக்கரத்தில் வேகத்தை ஒரே மாதிரி வைத்திருக்கப் பழக்கம் வேண்டும். ஆள் மாறினால் எண்ணும் சற்று மாறும். உப்புக்காற்றில் முனை ஒரே இரவில் துருப் பூக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் சுற்றி வைக்கிறோம்.

பழைய பொறி வாங்குபவர்கள் முதலில் முனையையும் அச்சு விளிம்பையும் நகத்தால் தடவிப் பாருங்கள். பிறகு ஒரே தகட்டில் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் 90 மி.மீ. அகலத் துண்டுகள் வெட்டி, விற்பவர் முன்னாலேயே கிழித்துப் பாருங்கள். ஒரே இடத்துத் துண்டுகளில் அளவு தாறுமாறாக வந்தால் குறை பொறியில். நடுவும் ஓரமும் மட்டும் வேறுபட்டால் குறை தகட்டில், பொறியை வாங்கலாம்.