சரிபார்ப்புக் கருவிக்கான ஆவணம்: தனி வழிகாட்டிக் கோப்பா, கருவியின் சொந்த வெளியீடா?

மென்பொருளின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் உள்ளமைவுக் கோப்புகளைச் சரிபார்க்கும் கருவியை, கட்டளைகளைத் தாமே இயக்கிக் கோப்புகளைத் திருத்தும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கு விளக்க இரண்டு வழிகள் உள்ளன: மார்க்டவுன் என்னும் எளிய உரை வடிவில் எழுதப்படும் தனி வழிகாட்டிக் கோப்பு ஒன்று, கருவியே தரும் உதவி உரையும் பிழைச் செய்திகளும் மற்றொன்று.

எந்தக் கட்டளையை எப்போது இயக்க வேண்டும், எந்தக் கோப்பைத் தொடக்கூடாது என்பன போன்ற, கருவி அறிய வாய்ப்பில்லாத செய்திகளை வழிகாட்டிக் கோப்பே சொல்ல முடியும். ஆனால் கருவி மாறும்போது அது தானாக மாறுவதில்லை. கருவியிலிருந்து நீக்கப்பட்ட கட்டளைத் தேர்வு (option) ஒன்றை அது இன்னமும் பரிந்துரைத்தால், முகவர் அதை நம்பியே செயல்படக்கூடும். ஆகவே அது ஒரு பக்கத்துக்குள் அடங்குவதே நல்லது.

என் உழைப்பின் பெரும்பகுதியைப் பிழைச் செய்திகளுக்கே தருவேன், ஏனெனில் அவை இயங்கும் பதிப்பிலிருந்தே வருகின்றன. உள்ளமைவுக் கோப்புகளை எழுதப் பயன்படும் யாமல் (YAML) வடிவின் 1.1 பதிப்பு விதிப்படி, மேற்கோள் குறியின்றி எழுதிய 'நோ' (no) என்னும் சொல் பூலியன் மதிப்பாகிவிடும், அதாவது சொல்லாக அன்றி 'பொய்' என்று கொள்ளப்படும் (2009-இல் வெளிவந்த 1.2 பதிப்பு இதைத் திருத்தியது). இத்தகைய இடத்தில் 'தவறான மதிப்பு' என்று மட்டும் கூறாமல், வரி எண், எதிர்பார்த்த வகை, கிடைத்த வகை, திருத்தும் முறை ஆகியவற்றை நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் (JSON) வடிவில் தந்தால், முகவர் ஊகிக்க வேண்டியதில்லை. கருவி இயங்கி முடிந்ததும் திருப்பித் தரும் எண்ணான வெளியேறு குறியீட்டிலும் கவனம் தேவை: கோப்பில் பிழை இருந்தாலும் கருவியே இயங்காமற்போனாலும் ஒரே 1 திரும்பினால், முகவர் சரியாக இருந்த கோப்பைத் திருத்திக் கெடுத்துவிடக்கூடும்.