படம் வரையச் சொல்வதா, கதைக்குள் வைப்பதா?

மரபுத்தொடரைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, 'கம்பி நீட்டினான்' என்பதை அப்படியே படமாக வரையச் சொல்லலாம். கையில் கம்பியோடு ஒருவன் நிற்பான், வகுப்பே சிரிக்கும். நேர்ப்பொருள் வேறு, உட்பொருள் வேறு என்பது சட்டென்று விளங்கும். ஆனால் சில பிள்ளைகளுக்குக் கம்பி மட்டுமே நினைவில் தங்கிவிடும்.

இன்னொரு வழி கதை. "கடன் கொடுத்தவரைக் கண்டதும் கம்பி நீட்டினான்" என்று நிறுத்தி, என்ன செய்திருப்பான் என்று கேட்டால், "ஓடிட்டான்!" என்று பதில் வரும். யாருக்கும் தெரியாமல் நழுவினான் என்ற நுட்பத்தை அப்புறம் நாம் சேர்த்துக்கொள்ளலாம். யாரைப் பற்றி, எப்போது சொல்வது என்பதும் இதில்தான் பிடிபடும். 'தாத்தா ஊருக்குக் கம்பி நீட்டினார்' என்று எழுதமாட்டார்கள். நேரம் கூடுதலாகத்தான் ஆகும்.

என் தேர்வு கதைதான். படம் வேண்டும், ஆனால் பொருள் தெரிந்த பிறகு. உவமைக்கு இந்தச் சிக்கல் குறைவு, 'போல' என்ற சொல்லே வழிகாட்டிவிடும்.